கயிற்றில் தொங்கிய இலிஷ்

அத்தியாயம் 14

போன வாரம் சாப்பாட்டு மேசையில் பவதோஷ் லாகிரி ஒரு சட்டம் போட்டாரே, அது இன்னும் அமலில்தான் இருக்கிறது.

"பிளாஸ்டிக் உறைக்குள்ள அடைச்ச மீன் இந்த வீட்டு வாசப்படியைத் தாண்டக் கூடாது!"

மருமகள் பியாலி போனில் வரவழைத்த இறால் பொட்டலம்தான் அந்தச் சட்டத்தில் சிக்கிய முதல் குற்றவாளி. வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டது. அதன் பின் அரை மணி நேரப் பிரசங்கம். மீனை நேருக்கு நேர் பார்க்க வேண்டும், செவுளைத் தூக்க வேண்டும், வயிற்றை அழுத்த வேண்டும், முகர வேண்டும். இதெல்லாம் தெரியாமல் ஒரு பெண் எப்படி ஒரு குடும்பத்தை நடத்துவாள்? சிலிகுரியில் வேலை பார்க்கும் பியாலியின் கணவன் அபீரிடம் போனில் முறையிட்டதற்கு, "அப்பா சொல்றாருன்னா விட்டுடேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

சட்டம் போட்டவரே தினமும் அதை மீறிக்கொண்டிருக்கிறார். அது நமக்குத் தெரியும். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இந்தக் கதை ஒரு காய்ச்சலில் ஆரம்பித்தது. அதற்கு முன் ஜாம்தலா பஜாரில் லாகிரி பாபு வைத்ததுதான் தீர்ப்பு. மின்சார இலாகாவில் இருந்தபோதுகூட அவர் கையெழுத்துக்கு அவ்வளவு மரியாதை இருந்ததில்லை. தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும், "தாதா, மீனை மட்டும் நீங்க பார்த்துக் குடுத்துடுங்க" என்று, மூத்த அண்ணனிடம் கேட்பதுபோல் வந்து நிற்பார்கள். அவரும் கைத்தறிப் பஞ்சாபி ஜிப்பாவை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்குப் போவதுபோல் கிளம்புவார்.

காய்ச்சல் போயிற்று. போகும்போது அவருடைய மூக்கின் வேலையையும் எடுத்துக்கொண்டு போயிற்று. சில நாளில் சரியாகிவிடும் என்று இருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்வீட்டு கங்குலியின் பேரனுக்கு முதல் சோறு ஊட்டும் விழா வந்தது. கட்லா மீன் லாகிரி பாபுவின் தேர்வு. பந்தியில் எல்லோரும் மீனை இலையின் ஓரத்துக்கு நகர்த்தினார்கள். லாகிரி பாபு மட்டும் ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு, "இங்க இன்னொண்ணு போடுப்பா!" என்று உரக்கக் கேட்டார். பந்தி முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. இரண்டாவது துண்டு பாதி வாயில் இருக்கும்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. விழுங்கினார்.

கங்குலி இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர் பஜார் பக்கம் போகவில்லை. தினமும் காலையில் பையோடு கிளம்புகிறார். பூட்டிக் கிடக்கும் பழைய லைப்ரரியின் வாசலில் போய் நிற்கிறார். ஸ்கூட்டரில் பொட்டலம் வருகிறது. உறையைக் கிழித்து, மீனையும் கீரையையும் பைக்கு மாற்றுகிறார். தெருக் குழாயில் எல்லாவற்றையும் ஒரு தடவை நனைத்து, பஜார் ஈரம் உண்டாக்குகிறார். செருப்பில் கொஞ்சம் சேறும் பூசிக்கொள்கிறார். வீட்டுக்கு வந்து, மீன்காரன் நிமாய் இன்று என்ன விலை சொன்னான், தான் எப்படி மடக்கினேன் என்று ஒரு கதை சொல்கிறார். கதை நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது.

இதுவரை மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் இன்று ஜமாய் ஷஷ்டி.

மாப்பிள்ளையை உட்கார வைத்து, மாமியார் விசிறி வீசி, மஞ்சள் நூல் கட்டி, மூச்சு முட்ட ஊட்டும் நாள். பூனாவிலிருந்து மகள் ஜினுக்கும் மாப்பிள்ளை தீபாயனும் முந்தின இரவே வந்தாயிற்று. மாப்பிள்ளைத் தட்டில் மீன்களின் ராணியான இலிஷ் இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு வேறு என்ன பெருமை இருந்தும் பயனில்லை.

லாகிரி பாபு வழக்கம்போல் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு, போனில் இலிஷைத் தேர்ந்தெடுத்து அழுத்தினார். லைப்ரரிக்கு நடந்து போவதற்குள் வந்துவிடும். போனைச் சத்தமில்லாமல் வைத்து, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் தீபாயன் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"பாபா, நானும் வர்றேன்."

"எங்க?"

"பஜாருக்குத்தான்!"

லாகிரி பாபுவுக்குக் குளித்த உடம்பு மறுபடி வேர்த்தது. "அதெல்லாம் வேணாம் மாப்பிள்ளை. நல்ல நாளும் அதுவுமா, அந்தச் சேத்துல, கூட்டத்துல... உங்களை இழுத்துட்டுப் போனா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

சிவப்புக்கரைப் புடவையில் பூஜைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜினுக் எட்டிப் பார்த்தாள். "கூட்டிட்டுப் போங்க பாபா! ஆபீஸ்ல இவர் பீத்திக்கிறதே உங்களைப் பத்திதான். 'எங்க மாமனார் மீனை முகர்ந்து பார்த்தே எந்த ஆத்துல பிடிச்சதுன்னு சொல்லுவாரு'ன்னு சொல்லிச் சொல்லி, அங்க யாருக்கும் இவர் பேரு தெரியல, உங்க பேரு தெரியுது."

"முகர்றதை வீடியோ எடுத்துக்கறேன் பாபா," என்றான் தீபாயன்.

"வீடியோவா? சாமி சன்னதியில வீடியோ எடுப்பாங்களா? பஜாரும் அப்படித்தான்."

உள்ளேயிருந்து மனைவி சுலேகா குரல் கொடுத்தாள். "ஏங்க, என்ன வாசல்லயே பஞ்சாயத்து? பையை மட்டும் மாப்பிள்ளை கையில குடுத்துடாதீங்க. மத்தபடி சும்மா பார்த்துட்டு வரட்டும். நாங்க ஆலமரத்தடி பூஜைக்குப் போயிட்டு வந்துடறோம். பௌமா, வீட்டைப் பார்த்துக்கோ."

சமையலறையில் கடுகு அரைத்துக்கொண்டிருந்த பியாலி, "சரி மா," என்றாள். மாமியார் 'பௌமா', அதாவது மருமகளே, என்று கூப்பிட்டால், கூடவே ஒரு வேலை வரும்.

அவ்வளவுதான். லைப்ரரி இருக்கும் தெருவைத் தாண்டும்போது லாகிரி பாபு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சட்டைப்பையில் போன் துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.

"பாபா, உங்க போன்..."

"பஜார் நேரத்துல நான் போன் எடுக்கறதில்ல மாப்பிள்ளை."

பஜார் வாசலிலேயே உருளைக்கிழங்குக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "அடேங்கப்பா! லாகிரி தாதாவா? எங்க போயிட்டீங்க? மகன்கிட்ட சிலிகுரிக்கே போயிட்டீங்கன்னு சொன்னாங்க!"

தீபாயன் மாமனாரைப் பார்த்தான்.

"கிண்டல்," என்றார் லாகிரி பாபு. "தினமும் இவன் இதையேதான் சொல்லுவான். நாங்க ரெண்டு பேரும் அப்படி."

உருளைக்கிழங்குக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் லாகிரி பாபு மாப்பிள்ளையின் முழங்கையைப் பிடித்து மீன் வரிசைக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நிமாய் சிமென்ட் மேடையில் அரிவாள்மணையைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லாகிரி பாபுவைக் கண்டதும் அவன் முகத்தில் உண்மையான சந்தோஷம் தெரிந்தது. அவருக்கு மீன் விற்பது எப்போதுமே சுலபம். நல்லது என்று எதைக் காட்டுகிறோமோ அதை ஒதுக்கிவிட்டு, எதைக் கோணியால் மூடுகிறோமோ அதைத்தான் கேட்பார்.

"வாங்க தாதா! உங்க மூக்குக்கு முன்னாடி நான் என்ன சொல்றது? நீங்களே எடுத்துக்கோங்க." சொல்லிக்கொண்டே, ஓரத்தில் கிடந்த பெரிய இலிஷ் ஒன்றின் மேல் கோணியை இழுத்துவிட்டான்.

"அது என்ன?"

"அது வேணாம் தாதா. ஒரு டாக்டர் வீட்டுக்கு எடுத்து வெச்சது."

"காட்டு."

கோணி விலகியது. பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் தங்கள் பேரத்தை நிறுத்திவிட்டுத் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். லாகிரி பாபு சட்டைக் கையை மடித்துக்கொண்டு மீனை எடுத்தார். செவுளைத் தூக்கினார். வயிற்றை அழுத்தினார். பிறகு மூக்கருகில் கொண்டுபோய், கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு இழுத்தார்.

உள்ளே போனது காற்று. வெறும் காற்று. அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். ஆழமாக இழுத்தால் எங்கேயாவது அடியில் ஒரு துளி மீதி இருக்காதா என்று பார்ப்பவர்போல.

கண்ணைத் திறந்தார். "டைமண்ட் ஹார்பர் மீன். நேத்து ராத்திரி வலையில விழுந்தது."

இந்த மாதத்தில் கடலுக்குப் படகே போகாது, தடைக்காலம் என்பது நிமாய்க்குத் தெரியும். போன பருவத்திலிருந்து ஐஸில் கிடந்து, வழியில் இரண்டு தடவை கரண்ட் போய்க் கரைந்து, திரும்ப உறைந்த மீன் அது. ஆனாலும் வாடிக்கையாளரை மறுத்துப் பேசும் பழக்கம் அவனுக்குக் கிடையாது.

"எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்களோ தாதா!"

தீபாயன் கைக்குட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான்.

"என்ன மாப்பிள்ளை?"

"வேர்க்குது பாபா."

தீர்ப்புக்குக் காத்திருந்தவர்கள் மெல்ல அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள்.

"கயிறு போடு," என்றார் லாகிரி பாபு. "பையில வேணாம்."

இலிஷை மூடி எடுத்துப் போவது எங்களூரில் கஞ்சத்தனம். கயிற்றில் தொங்கவிட்டு, வாலைக் கொஞ்சம் ஆடவிட்டு, தெரு முழுக்க நடக்க வேண்டும். பார்க்கிறவர்கள் விலை கேட்க வேண்டும். கேட்காதவர்கள் பொறாமைக்காரர்கள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த நடையை நடக்கக் கிடைத்ததில் லாகிரி பாபுவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பயந்து செத்தோமே, இவ்வளவுதானா பஜார் என்றுகூடத் தோன்றியது.

"தாதா, ஜமாய்க்கா? என்ன விலை?" இஸ்திரி கடைக்காரர் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு அடி பின்னால் போனார்.

"விலையை விடு, கண்ணைப் பாரு!"

"பார்த்தேன் தாதா. இங்கிருந்தே தெரியுது."

மருந்துக்கடை வாசலில் நின்ற இரண்டு பேர், "அருமை, அருமை" என்றார்கள். மூச்சு விடாமல் சொன்னார்கள். எதிர்வீட்டு கங்குலி பால்கனியில் நின்றிருந்தார். மீனைப் பார்த்தார், லாகிரி பாபுவைப் பார்த்தார், கும்பிட்டார், உள்ளே போனார். அந்த வைகாசிப் புழுக்கத்தில் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

தீபாயன் இரண்டடி பின்னால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். சொல்லலாம். ஆனால் எப்படிச் சொல்வது? ஜமாய் ஷஷ்டியன்று மாப்பிள்ளை சாப்பாட்டில் குறை சொன்னான் என்றால், அது பூனா வரைக்கும் கூடவே வரும்.

இதற்கு முன்பே லாகிரி வீட்டில் அழைப்பு மணி அடித்திருந்தது.

பியாலி கதவைத் திறந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் காகிதப் பை.

"பவதோஷ் லாகிரி வீடுதானே?"

"ஆமா. ஆனா நாங்க எதுவும் கேக்கலையே."

"லைப்ரரி வாசல்ல நின்னு நின்னு பார்த்தேன். போன் எடுக்க மாட்டேங்கறாரு. 'வீட்டுக்கு வரவே கூடாது'ன்னு பெரிய எழுத்துல போட்டு வெச்சிருக்காரு, இருந்தாலும் மீனாச்சே, எவ்வளவு நேரம் வெயில்ல வெச்சிருக்கறது? பெரியவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"இல்ல. நல்லாத்தான்... நீங்க தினமும் வருவீங்களா?"

"முக்கால்வாசி நாள் நான்தான். உறையெல்லாம் பிரிச்சு என்கிட்டயே குடுத்துடுவாரு, வீட்டுல குப்பை சேரக் கூடாதாம். அப்புறம் அந்தக் குழாய்ல கொத்தமல்லியை எல்லாம் நனைப்பாரு. பாவம், குனிய முடியாம குனிஞ்சு. குடுங்க தாத்தா நான் பிடிக்கறேன்னா, விட மாட்டாரு. வீட்டுல எல்லாருக்கும் பஜார் சாமான்தான் பிடிக்குமாமே?" அவள் சிரித்தாள். "அவர் எழுதற பாராட்டைப் படிச்சிருக்கீங்களா? 'மீனின் கண் தெளிவு, செவுள் சிவப்பு, என்னுடைய இத்தனை வருஷ அனுபவத்தில்...'னு ஒரு பக்கத்துக்கு எழுதுவாரு. எங்க ஆளுங்க எல்லாம் படிப்பாங்க."

அவள் போன பிறகும் பியாலி கதவருகிலேயே நின்றாள்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்வானேன்? திருப்பி அனுப்பிய இறால் பொட்டலமும், அரை மணி நேரப் பிரசங்கமும், 'ஒரு பெண் எப்படிக் குடும்பம் நடத்துவாள்' என்ற கேள்வியும் அவளுக்கு மறக்கவில்லை. இந்தப் பொட்டலத்தை அப்படியே பிரிக்காமல், ஜமாய் ஷஷ்டித் தட்டுகளுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தால் எப்படி இருக்கும்? ஒரு வார்த்தை பேச வேண்டாம். வைத்துவிட்டு நின்றால் போதும்.

அதை மனதுக்குள் வைத்துப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் அந்தத் தெருக் குழாய் வந்து நின்றது. இஸ்திரி போட்ட பஞ்சாபியில், முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கொத்தமல்லிக் கட்டை நனைக்கும் மாமனார். சிரிப்பு வர வேண்டிய இடம். வந்தது, பாதியில் நின்றது. தட்டாமல் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டவள்போல் அவளுக்குக் கூசியது.

'எதுக்கு இத்தனை பாடு?' அதுதான் புரியவில்லை.

அது புரிய அதிக நேரம் ஆகவில்லை. மாமனார் வருவதற்கு முன்பே அவருடைய மீன் வந்துவிட்டது. அதாவது, அதன் வாடை. பியாலி முந்தானையை மூக்கில் வைப்பதற்குள் அவர் சமையலறை வாசலில் நின்றார். கயிற்றை முகத்தருகே தூக்கிப் பிடித்திருந்தார்.

"பௌமா, இங்க பாரு! இது போன்ல அழுத்தினா வருமா?"

பின்னால் தீபாயன், "அண்ணி, நான் குளிச்சிட்டு வந்துடறேன்," என்று மாடிக்கு ஓடினான். காலையில் ஒரு தடவை குளித்தவன்.

பியாலி மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். மீனுக்கும் அவர் மூக்குக்கும் ஒரு சாண்கூட இல்லை. அவர் முகம் மலர்ந்திருந்தது. நடிக்கவில்லை. அவருக்குத் தெரியவில்லை, தெரியவே இல்லை.

போன மாதம் ஒருநாள் அடுப்பு அணைந்து, கேஸ் கூடம் வரை பரவியபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாரே! அன்றைக்கு அவருக்குக் கவனம் போதவில்லை என்று இவள் மாமியாரிடம் குறை வேறு சொன்னாள்.

"என்ன பௌமா, பேச்சே காணோம்? அசந்து போயிட்டியா?"

"ஆமா பாபா," என்றாள் பியாலி. "குடுங்க. வெட்டிடறேன்."

வெட்டவில்லை. கார்ப்பரேஷன் குப்பை வண்டியின் விசில் தெருமுனையில் கேட்டது. பழைய செய்தித்தாள் முழுவதையும் எடுத்துச் சுற்றி, கொல்லை வழியாகப் போய் வண்டியில் போட்டாள். வண்டிக்காரர்கூட, "என்ன அண்ணி இது?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். திரும்பி வந்து, பொட்டலத்து இலிஷைப் பிரித்து, கடுகு விழுதில் போட்டாள்.

பூஜை முடிந்து சுலேகாவும் ஜினுக்கும் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு நூல் கட்டியாயிற்று, விசிறி வீசியாயிற்று. மாம்பழம், லிச்சி, பலாச்சுளை, லூச்சிப் பூரி, கிண்ணம் கிண்ணமாக வந்தன. தீபாயன் எல்லாவற்றையும் அவசரமாகச் சாப்பிட்டான். வயிற்றில் இடம் இல்லை என்று சொல்லும் கட்டத்துக்குச் சீக்கிரம் போய்விடலாம் என்பது அவன் திட்டம்.

இலிஷ் வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தான். கண் திறந்தது.

"பாபா!" என்றான். குரலில் நிஜமான பிரமிப்பு. "இது... இது அந்த மீனா?"

"வேற எந்த மீன்?"

"நீங்க மனுஷன் இல்ல பாபா. மந்திரவாதி!"

லாகிரி பாபுவும் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். உப்பு தெரிந்தது. கடுகின் காரம் தெரிந்தது. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் கிடையாது. "இந்த வாசனை இருக்கே மாப்பிள்ளை," என்று ஆரம்பித்தார், "இது கைராசி இல்ல. கண்ணு, மூக்கு. பாக்கெட்ல வர்றது ரெண்டு தடவை செத்த மீன். அதைத் தின்னு வளர்ற தலைமுறைக்கு..."

சுலேகா சமையலறையிலிருந்து வந்தாள். விரல் நுனியில் பிடித்திருந்தது ஒரு பிளாஸ்டிக் உறை.

"மீன் தலையைக் கீரையில போடலாம்னு தேடினேன். தலையைக் காணோம். இதுதான் கிடைச்சுது." உறையை மேசையில் வைத்தாள். "பௌமா, இங்க வா."

லாகிரி பாபு உறையைப் பார்த்தார். குளியலறைக்குள் உட்கார்ந்து, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அதே இலிஷின் உறை. அவர் கையிலிருந்த விள்ளல் தட்டில் விழுந்தது.

"மாமா வாங்கிட்டு வந்த மீன் எங்க?"

பியாலி மாமனாரைப் பார்க்கவில்லை. "பூனை தூக்கிட்டுப் போயிடுச்சு மா. நான் கொஞ்சம் அசந்துட்டேன். வேற வழி தெரியல. போன்ல வரவழைச்சேன்."

"பூனையா? அப்பாடா!" என்றான் தீபாயன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது அவனுக்கு. "அதாவது... அடடா. அவ்வளவு நல்ல மீன்."

யாரும் அதைக் கவனிக்கவில்லை, லாகிரி பாபுவைத் தவிர. அந்த 'அப்பாடா' அவருக்குள் இறங்கியது. கைக்குட்டை. இரண்டாவது குளியல். இஸ்திரிக்காரர் பின்வாங்கிய ஒரு அடி. கங்குலியின் ஜன்னல்கள். தெரு முழுக்க ஆட்டிக்கொண்டு வந்தாரே, வாலை வேறு ஆட்டிக்கொண்டு!

சுலேகா நிறுத்தவில்லை. "நல்ல நாளு! மாப்பிள்ளை தட்டுல பாக்கெட் மீனு! ஒரு மனுஷன் வேகாத வெயில்ல போய் மாணிக்கம் மாதிரி மீனைப் பொறுக்கிட்டு வராரு, உன்னால ஒரு பூனையை விரட்ட முடியல. அந்தப் போன் கையில இருக்கற திமிரு. போனா போகட்டும், இன்னொண்ணு வரும்னு."

"தப்புதான் மா."

"தப்புன்னு வாயால சொல்லிட்டா ஆச்சா?"

"சுலேகா," என்றார் லாகிரி பாபு.

எல்லோரும் திரும்பினார்கள். பிரசங்கம் வரப்போகிறது என்று ஜினுக் நாற்காலியைக்கூடச் சரிசெய்து உட்கார்ந்தாள்.

"அது பௌமா வாங்கல." எழுந்து நின்றார். "நான் வாங்கினது. போன்ல. நான்தான்."

ஜினுக்தான் முதலில் வாய் திறந்தாள். "பாபா..." கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. "அண்ணியைக் காப்பாத்தறதுக்கு நீங்க பொய் சொல்றீங்களா?"

"பொய் இல்ல. நான்..."

"பாபா என்கூடத்தான் இருந்தாரு," என்றான் தீபாயன். "வீட்டுலருந்து கிளம்பி வீடு வர்ற வரைக்கும். போன் அடிச்சப்பகூட எடுக்கல. 'பஜார் நேரத்துல எடுக்கறதில்ல'ன்னாரு. பாபாவாவது, பாக்கெட் மீனாவது!"

சுலேகா புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. "பார்த்தியா பௌமா? உன்னால அவர் மீன் போச்சு. அப்பவும் உன்மேல பழி வரக் கூடாதுன்னு, தன் தலையில தூக்கிப் போட்டுக்கறாரு. இந்த மனசு யாருக்கு வரும்?"

இன்னும் ஒரு வாக்கியம்தான் மீதி இருந்தது. 'எனக்கு வாசனை தெரியறதில்ல.' அதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். கங்குலி வீட்டுக் கட்லாவிலிருந்து இன்றைய இலிஷ் வரை எல்லாம் தானாக வரிசையில் வந்து நின்றிருக்கும்.

பியாலி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த வாக்கியம் தெரிந்திருந்தது. அது அவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தாள். அவளுக்கு அது தெரியும் என்பது அவருக்கும் தெரிந்தது.

லாகிரி பாபு மாப்பிள்ளையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். இருவர் முகத்திலும் அப்படி ஒரு பக்தி.

உட்கார்ந்துவிட்டார்.

"சொல்றேன் கேட்டுக்கோ," சுலேகா தீர்ப்பு சொன்னாள். "நாளையிலருந்து அந்தப் போன் என்கிட்ட இருக்கட்டும். காலையில நீ மாமா கூட பஜாருக்குப் போ. பக்கத்துல நின்னு பாரு. மீனை எப்படிப் பிடிக்கறாரு, எப்படி முகர்றாருன்னு கத்துக்கோ. அப்பத்தான் உனக்கு புத்தி வரும்."

"அண்ணி குடுத்து வெச்சவங்க," என்றான் தீபாயன்.

"சரி மா," என்றாள் பியாலி. பிறகு, உறை மேசைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக, மாமனாரிடம் நேராகப் பேசினாள். கேலி எதுவும் குரலில் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"காலையில எப்ப கிளம்பணும் பாபா?"

"ஏழு மணிக்கு," என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டு. அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

சுலேகா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். இலிஷின் பெரிய துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, புருஷன் தட்டில் வைத்தாள்.

அவர் அதையும் சாப்பிட்டார்.